ஐந்து கிலோவுக்குக் கீழே

முட்டை லாரி மேடையில் ஏறி நின்றதும் கோகிலவாணி துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். துப்பட்டாவில் சோப்பு வாசனை இருந்தது, அதுவும் ஆகவில்லை. பதினோரு வருஷமாக நாமக்கல் புறவழிச் சாலை ஓரத்து எடை மேடையில், இந்தக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து நாளைக்கு எழுபது எண்பது லாரிகளை எடை போட்டு அனுப்புகிறவள். அதில் பாதி முட்டையும் கோழித் தீவனமும்தான். கருவாட்டுத் தூள் ஏற்றிய வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தயிர்சாதம் சாப்பிட்டவள், அவளுக்குப் போய் முட்டை வாசம் ஆகவில்லை என்று யாரிடம் சொல்வது. மைக்கை அழுத்தி, "வண்டியில எத்தன பேருங்க?" என்று கேட்டாள். எந்த வண்டி வந்தாலும் முதல் கேள்வி இதுதான். லோடு எடை போடும்போது டிரைவரும் கிளீனரும் உள்ளே உட்கார்ந்திருந்துவிட்டு, காலி எடை போடும்போது கிளீனர் டீ குடிக்கப் போய்விட்டால் அறுபது கிலோ சரக்கு எங்கிருந்தோ முளைத்துவிடும், பிறகு சண்டைக்கு இவளிடம்தான் வருவார்கள். டிரைவர் இரண்டு விரலைக் காட்டினார். சீட்டில் ஆட்கள் இரண்டு என்று அடித்தாள். வண்டியின் நெற்றியில் தர்ஷன், நிவிஷா என்று சிவப்பில் எழுதியிருந்தது, யார் பெற்ற பிள்ளைகளோ, பத்து டன் முட்டைக்கு முன்னால் உட்கார்ந்து ஊர் ஊராகப் போகிறார்கள். அந்த எழுத்தின் வால் சுழிப்பைப் பார்த்ததுமே தெரிந்தது, பூபதி எழுதினது. லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் பெயிண்டர், இவளுக்கு மூன்று மாதத்துப் புருஷன். ஊரார் பிள்ளைகள் பேரையெல்லாம் எழுதுகிறான் பார் என்று நினைத்தாள், நினைத்தவுடன் வயிற்றுக்குள் ஏதோ குபுக்கென்றது. சிரிப்பா குமட்டலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மேசை மேல் மல்லாந்து கிடந்த போனைப் பார்த்தாள். நர்ஸக்கா இன்னும் கூப்பிடவில்லை.

ஐந்து நிமிஷ வேலை, மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. காலையில் வேலைக்கு வரும் வழியில் துணை சுகாதார நிலையத்து வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தியபோதுதான் இன்று புதன்கிழமை, தடுப்பூசி நாள் என்று ஞாபகம் வந்தது. வாசல் கொள்ளாத கைக்குழந்தைகள், ஒன்று அழுதால் ஒன்பது அழுகிறது. அமுதவல்லி நர்ஸக்கா ஊசியைக் கையில் வைத்தபடியே இவள் காதோடு சொன்னதைக் கேட்டுவிட்டு, மூடி போட்ட சின்ன டப்பா ஒன்றை நீட்டினாள். "புடிச்சு அந்த ஜன்னல் மேல வெச்சுட்டுப் போ சாமி. பேரு எழுதி வெச்சுரு. இந்தக் கூட்டம் போவட்டும், பாத்துட்டு நானே போன் பண்றன்." இவள் பேரை எழுதினாள். மாறிவிடுமோ என்று புருஷன் பேரையும் எழுதினாள், அதுவும் போதாமல் ஊர், தெரு, தேதி, வந்த நேரம் எல்லாம் எழுதினாள், லாரிச் சீட்டு எழுதிப் பழகின கை. மருந்துக் கடையில் அந்தச் சோதனை அட்டை கிடைக்கும்தான். ஆனால் கடைக்காரர் பூபதிக்குப் பங்காளி முறை, இவள் அட்டையை வாங்கிப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுப்பதற்குள் மாமியார் வீட்டில் சர்க்கரைப் பொங்கல் கொதிக்க ஆரம்பித்துவிடும். அப்புறம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டால்? ஒன்றுமில்லை என்றுதான் ஆகும். மாத்திரையாகத்தான் இருக்கும். கல்யாணமான அன்றிலிருந்து சாப்பிடுகிறாளே, காலை ஏழு மணிக்கு அலாரம் வைத்து, வெள்ளை இருபத்தொன்று, காவி நிறத்தில் ஏழு. அந்த ஏழு நாளைக்குள் மாதவிலக்கு வந்துவிட வேண்டும், வராவிட்டால் வா என்று நர்ஸக்கா முதலிலேயே சொல்லியிருந்தாள். ஏழும் நேற்றோடு தீர்ந்தது, ஒன்றும் வரவில்லை. இன்று காலையில் புது அட்டையைக் கிழித்து முதல் மாத்திரையை எடுத்திருக்க வேண்டும். எடுத்தாள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள், திரும்ப அட்டையிலேயே செருகினாள். கிழிந்த இடத்தில் அது நிற்கவில்லை, ஒரு ரப்பர் பேண்டு போட்டு வைத்தாள். எதற்கு ரப்பர் பேண்டு போட்டோம் என்று அவளுக்கே தெரியாது.

மாத்திரைப் பெட்டிக்குள் ஒரு காகிதம் இருந்தது, பதினாறாக மடித்தது, எறும்பு ஊர்வதைப் போன்ற எழுத்து. அதை நேற்று அலுமாரிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு படித்தாள். குமட்டல் வரலாம். மார்பு கனத்து வலிக்கலாம். தலை சுற்றலாம். காரணமில்லாமல் அழுகையோ சிரிப்போ வரலாம். சில பெண்களுக்கு மாதவிலக்கு வராமலும் போகலாம். அடப்பாவி என்றிருந்தது. சித்தி தன் மகளை உண்டாகியிருந்தபோது இதையேதானே சொன்னாள், குமட்டல், கனம், சுற்றல், சம்பந்தமில்லாமல் சிரிப்பு. மாத்திரையும் பிள்ளையும் ஒன்றுக்கொன்று பேசி வைத்துக்கொண்டு ஒரே பட்டியலைக் கையில் கொடுத்தால் மனுஷி என்ன செய்வாள். பிள்ளை வராமல் இருக்கச் சாப்பிடுகிற மாத்திரை, பிள்ளை வந்த மாதிரியே நடித்துக் காட்டுமாம். சரி, நடிப்பு என்றே வைத்துக்கொள்வோம். டீசல் வாசம் மட்டும் எதற்கு இப்படி இனிக்கிறது? ஒவ்வொரு வண்டியும் கிளம்பும்போது விடுகிற முதல் புகைக்கு ஜன்னலைத் திறந்துவைத்துக் காத்திருக்கிறாளே, அது காகிதத்தில் இல்லையே. சுட்ட தேங்காய் மேல் ஆசை என்று எந்த வரியிலும் போடவில்லை. ஆவணி முடியப் போகிறது, இப்போது போய்ச் சுட்ட தேங்காய்க்கு எங்கே போவது. ஆடி ஒண்ணுக்குத்தான் இந்தப் பக்கத்தில் தேங்காய் சுடுவார்கள், கண்ணைக் குத்தி உள்ளே வெல்லமும் அவலும் பொட்டுக்கடலையும் எள்ளும் போட்டு, அழிஞ்சிக் குச்சியில் செருகித் தீயில் வாட்டுவார்கள், ஓடு வெடிக்கும்போது ஒரு வாசம் வரும். அந்த வாசம் இப்போது, முட்டை லாரி போய்க் கோழித்தீவன லாரி வந்து நிற்கிற இந்த நிமிஷத்தில், எங்கிருந்தோ மூக்குக்கு வந்தது. "வண்டியில எத்தன பேருங்க?" ஒருத்தர். ஆட்கள் ஒன்று.

ஆடி என்று நினைத்தால் அங்கேதான் போய்ச் சிக்கிக்கொள்கிறது, காலையிலிருந்து நாலைந்து தரம் சிக்கிவிட்டது. புதுசாகக் கல்யாணமானவளை ஆடியில் தாய்வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆடியில் உண்டானால் சித்திரை அனலில் பிரசவமாகும், தாய்க்கும் பிள்ளைக்கும் கஷ்டம் என்று அந்தக் காலத்து ஏற்பாடு, ஃபேனும் ஆஸ்பத்திரியும் வந்த பிறகும் அதை யாரும் விடவில்லை. ஆடி ஒண்ணுக்கு பூபதி வந்தான், தேங்காய் சுட்டான், விருந்து சாப்பிட்டான், பொழுதோடு தனியாகத் திரும்பிப் போனான். அம்மா அன்றிலிருந்து மகளுக்குப் பக்கத்திலேயே பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள். இவள் மாத்திரையை மாமியார் வீட்டு அலுமாரியில் கூரைப்புடவைக்கு அடியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். ஆடிக்கு எதற்கு மாத்திரை? ஒரு கதவுக்கு இரண்டு பூட்டு எதற்கு? பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுகிற மாதிரி மாத்திரைக்கும் ஒரு மாசம் லீவு, ஆவணி ஒண்ணாம் தேதி புது அட்டை, அவ்வளவு சுத்தமாகக் கணக்குப் போட்டிருந்தாள். நடுவில் ஆடிப்பெருக்கு, பதினெட்டாம் நோம்பி வந்தது. புதுத் தம்பதி காவிரிக் கரைக்குப் போய்க் கல்யாண மாலையை ஆற்றில் விட வேண்டும், தாலிக் கயிறு மாற்ற வேண்டும், அதற்கு மாப்பிள்ளை வந்துதான் ஆக வேண்டும், அதில் யாரும் குற்றம் சொல்ல முடியாது. மோகனூரில் எல்லாம் முடிந்து அப்பாவும் அம்மாவும் வேனில் முன்னால் போய்விட்டார்கள், இவர்கள் இரண்டு பேரும் பைக்கில் பின்னால். எடை மேடைப் பக்கம் வரும்போது பூபதி, "பின் டயரு இழுக்குதாட்ட இருக்குது" என்றான். நோம்பிக்காக மேடை பூட்டிக் கிடந்தது, சாவி இவள் கைப்பையில் இருந்தது. உள்ளே வந்தார்கள், ஃபேனைப் போட்டார்கள், தண்ணீர் குடித்தார்கள், பேசிக்கொண்டிருந்தார்கள். முதலில் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். வீட்டுக்குப் போகும்போது ஒன்றேகால் மணி நேரம் தாமதம். "பஞ்சருங்க அத்தை" என்று பூபதி மாமியாரிடம் சொன்னான். முப்பது வருஷம் லாரி ஓட்டிய அப்பா எழுந்து போய்ப் பின் டயரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், கட்டை விரலால் அழுத்தினார், திரும்பி வந்து பேப்பரை விரித்துக்கொண்டார். அந்தப் பேப்பரை அவர் தலைகீழாகப் பிடித்திருந்தார் என்று பூபதி இன்றைக்கும் சத்தியம் செய்கிறான்.

ஒரு நாள். ஒரே ஒரு நாள், அதுவும் ஒன்றேகால் மணி நேரம். ஆவணி பிறப்பதற்கு இரண்டு நாள் முந்தி லேசாகத் தீட்டுப்பட்டது, அதையே மாதவிலக்கு என்று எடுத்துக்கொண்டு நிம்மதியாக மாத்திரையைத் தொடங்கினாள். அது மாதவிலக்குத்தானா? மூன்று நாள் வருவது அன்றைக்கு அரை நாளில் நின்றதே. சரி, மாத்திரையாகத்தான் இருக்கும். அவளுக்கு அப்படித்தான் இருந்தாக வேண்டும், ஏனென்றால் இரண்டு வருஷம் என்று சொன்னவள் அவள்தான். பெண் பார்க்க வந்த அன்று, பேசிவிட்டு வாருங்கள் என்று மாடிக்கு அனுப்பியபோது, பூபதி வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிட்டாள், ரெண்டு வருசத்துக்குக் கொழந்த வேண்டாங்க, நான் ஊரு சுத்தணும். பின்னே என்ன. பதினெட்டு வயசில் இந்த நாற்காலியில் உட்கார்ந்தாள், அப்பாவுக்குக் கண் பார்வை மங்கி வண்டி ஓட்ட முடியாமல் போன வருஷம். தம்பி படித்து முடித்து, வேலைக்குப் போய், அவனுக்குக் கல்யாணம் கூடி வந்து, அதற்குள் இவளுக்கு வயது இருபத்தொன்பது. கண்ணெதிரில் லாரிகள் நாக்பூர் போகின்றன, குவாஹாட்டி போகின்றன, பனி பெய்கிற ஊரிலிருந்து ஆப்பிள் மரப்பெட்டிகளோடு திரும்பி வருகின்றன, எல்லாவற்றையும் எடை போட்டு அனுப்பியவள் சேலத்துக்கு அந்தப் பக்கம் போனதில்லை, கடலைக்கூட டிவியில்தான் பார்த்திருக்கிறாள். பூபதி அன்றைக்கு மாடியில் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நம்ம சிநேகிதன் வண்டி மாசம் ரெண்டு தடவ வடக்க போவுது, முன் சீட்டுல உக்காந்து போலாம்" என்றான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் கட்டிக்கொண்டாள் என்றுகூடச் சொல்லலாம். அதற்கும் முன்னாலேயே எட்டு மாதமாக, புது பாடி கட்டிய வண்டிக்குக் காலி எடை போடும் ஒவ்வொரு தடவையும், வரவேண்டிய அவசியமே இல்லாத பெயிண்டர் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்ததும், வண்டி இறங்கிப் போன பிறகு தான் மட்டும் மேடையில் நின்றுகொண்டு என் வெயிட்டச் சொல்லுங்க என்று மேலே பார்த்ததும் தனிக்கதை.

போகவேண்டிய ஊர்களை அவள் ஒரு பழைய எடைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தாள். வண்டி வராத இந்தப் பத்து நிமிஷத்தில் அதை உருவி எடுத்தாள், படித்தால் மனசு ஒரு பக்கமாக நிற்கும் என்று. நாக்பூர். ராய்ப்பூர். சிலிகுரி. கடல் இருக்கிற ஏதாவது ஓர் ஊர். இனியாழ். அமிர்தசரஸ். இனியாழ் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று ஒரு நொடி நிஜமாகவே யோசித்தாள். பிறகுதான் ஞாபகம் வந்தது, போன வாரம் ஒரு மரவள்ளி லாரி நெற்றியில் இருந்த பேர் அது. ஊர்ப் பட்டியலில் அது எப்படி ஏறியது? கையெழுத்து அவளுடையதேதான், பேனா அவளுடையதேதான். அதற்குக் கீழே இன்னும் இருந்தது, குவாஹாட்டிக்குப் பக்கத்தில் மகிழன், அதற்கடுத்து ஆதிரை, அதைப் பிறகு யாரோ அடித்திருந்தார்கள், யாரோ என்ன யாரோ, அவள்தான் அடித்திருக்கிறாள், ஏனென்றால் பூபதியின் ஒன்றுவிட்ட அக்காள் மகளுக்கு அந்தப் பேர் இருக்கிறது. அப்படியானால் பேரை எழுதியது மட்டுமில்லை, யோசித்து அடித்தும் இருக்கிறாள், இத்தனையும் தனக்கே சொல்லாமல். அவளுக்கு முகம் சூடாகிவிட்டது. திருடியைப் பிடித்துவிட்டு அது தானேதான் என்று கண்டால் எப்படியிருக்கும், அப்படியிருந்தது. காலையில் செய்த காரியத்துக்கும் இப்போது அர்த்தம் விளங்கியது. தினமும் காலையில் மேடை சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவளே ஏறி நிற்பாள், பதினோரு வருஷமாக அது ஐம்பது என்று காட்டும், ஐம்பத்திரண்டு கிலோ இருந்தாலும் அதற்கு ஐம்பதுதான், ஐந்து ஐந்தாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும். இரண்டு மூன்று கிலோ குறைகிறதே என்று சண்டைக்கு வருகிறவர்களிடம் அவள் பாடமாகச் சொல்வாள், மெசினுக்கு அஞ்சு கிலோவுக்குக் கீழ எதுவும் தெரியாதுங்க. இன்று காலையில் அது ஐம்பது என்றது, ஐம்பத்தைந்து என்றது, மறுபடி ஐம்பது என்றது, நிலைகொள்ளாமல் மாறி மாறி மின்னியது. விருந்துச் சாப்பாடு அரைக் கிலோ ஏறியிருக்கும், அவ்வளவுதான், இது அவளுக்குத் தெரியாதா. தெரிந்தும் அவள் இறங்கவில்லை. சிவப்பு எண்களையே பார்த்தபடி, ஐம்பத்தைந்திலேயே நில்லு என்று சொல்லிக்கொண்டு நின்றாள், பின்னால் ஒரு லாரிக்காரர் ஹாரன் அடிக்கும் வரைக்கும்.

போன் அடித்தது. அம்மா. "ஏங் கண்ணு, சாப்ட்டியா? கொரலு ஏன் ஒரு மாதிரி இருக்குது?" ஒண்ணுமில்லம்மா, முட்டை லாரி என்றாள். "முட்ட லாரிக்கும் கொரலுக்கும் என்ன?" வாசம் ஆகலம்மா என்று வாய் தவறி வந்துவிட்டது. அந்தப் பக்கம் பேச்சு நின்றது. அம்மா பேசாமல் இருப்பது ஆபத்து, பேசாமல் இருந்தால் விரல் விட்டு எண்ணுகிறாள் என்று அர்த்தம். "தலைக்குக் குளிச்சது எப்பொ?" வண்டி வந்திருச்சும்மா என்று வைத்துவிட்டாள். வண்டி எதுவும் வரவில்லை, மேடை வெறிச்சென்று வெயிலில் கிடந்தது. அப்போதுதான் அந்தப் பயம் வந்தது, இவ்வளவு நேரம் வராத பயம். இருந்தால்? இருந்து, அதன் மேல் இருபத்தொரு வெள்ளை மாத்திரையைத் தின்றிருந்தால்? ஒரு நாள் தவறாமல், அலாரம் வைத்து, வாசலில் நின்றுகொண்டு வராதே வராதே என்று சொல்லியிருக்கிறாள், அது எப்போதோ வந்து உள்ளே உட்கார்ந்துகொண்டு அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. கை தானாக அடிவயிற்றில் போய்ப் படிந்தது. நான் உன்னைச் சொல்லவில்லை என்றாள், வேறு யாரைச் சொன்னாய் என்று அது கேட்டால் என்ன செய்வது. சொல்லிவிட்டு, ஒன்றுமே இல்லாத வயிற்றோடு பேசிக்கொண்டிருக்கிறோமோ என்று நினைத்தாள், அந்த நினைப்புதான் கூரையிலிருந்து விழுந்த மாதிரி விழுந்தது. ஒன்றுமே இல்லை என்று நர்ஸக்கா சொல்லிவிட்டால்? காலையிலிருந்து அவள் பயந்துகொண்டிருந்தது ஆமாம் என்ற வார்த்தைக்கு என்றல்லவா நினைத்திருந்தாள். இல்லை, இல்லவே இல்லை. ஆமாம் என்பதற்கு ஒரு துளி பயமும் இல்லை, அது எப்படியோ சமாளித்துக்கொள்ளலாம், நாக்பூர் எங்கேயும் போய்விடாது. மாத்திரையாகத்தான் இருக்கும் என்று நர்ஸக்கா சிரித்துக்கொண்டே சொல்வாளே, அதைத்தான் கேட்க முடியாது. கேட்டால் இந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதுவிடுவாள், இரண்டு வருஷம் என்று வாய்கிழியச் சொன்னவள். போனைத் தலைகுப்புறக் கவிழ்த்து வைத்தாள். அது உடனே அடித்தது.

"கோகிலா, நாந்தான் சாமி, சத்தம் கேக்குதா?" பின்னால் ஒரு குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. "ரெண்டு கோடு. பளிச்சுனு ரெண்டு கோடு உழுந்திருக்குது." என்னக்கா என்றாள் இவள். "ரெண்டு கோடுன்னன். மாத்திரைய ஒழுங்காத்தான சாப்ட்ட?" ஒரு நாளும் உடலீங்க்கா, ஆடியிலதான் என்று இழுத்தாள். "ஆடியில?" ஆடியில அம்மா ஊட்ல இருந்தனே, அதுக்கெதுக்கு மாத்திரைன்னு... அந்தப் பக்கம் நர்ஸக்கா சிரிக்க ஆரம்பித்தாள், சிரித்து இருமி, யாரிடமோ தண்ணி கேட்டாள். "இந்த வருசம் ஆடிக்கு மாத்திரைக்கு லீவு உட்டவ நீ மூணாவது ஆளு. ஆடி மாசம் உங்களப் பிரிச்சு வெக்கும்னு மாத்திரைய நிறுத்தறீங்க, மாப்ள பதினெட்டுக்கு வராம இருப்பானா?" இவள் சிரிக்கவில்லை. "அக்கா, தெரியாம மாத்திரை சாப்ட்டுட்டனே, அதுக்கு ஏதாச்சும் ஆயிருமா?" தன் குரலே தனக்கு வேறு யாருடையதோ போலக் கேட்டது. நர்ஸக்கா சிரிப்பை நிறுத்தினாள். "ஒண்ணும் ஆவாது கண்ணு. தெரியாமச் சாப்ட்டவங்க எத்தனையோ பேரு, புள்ளைங்க நல்லாத்தான் இருக்குதுங்க, அதுல ஒண்ணு இப்ப என் மடியிலதான் உக்காந்து கத்தீட்டிருக்குது, கேக்குதா? இன்னையோட நிறுத்திரு. வெள்ளிக்கிழம டாக்டரம்மா வருவாங்க, ஸ்கேனுக்கு எழுதி வாங்கிக்கலாம். நீ காலையில சொன்னாப்ல ஆடி நாலுல குளிச்சீன்னா..." அவளும் எண்ணினாள், இன்றைக்கு எல்லோரும் எண்ணுகிறார்கள். "சித்திர. சித்திர நடுவுல." கோகிலவாணி போனை வைத்தாள். சித்திரை. எந்த மாதத்தில் பிறக்கக் கூடாது என்று இரண்டு குடும்பமும் சேர்ந்து கட்டுக்காவல் போட்டதோ, அம்மா பாயைப் போட்டுக் குறுக்கே படுத்தாளோ, அதே சித்திரை. வளைகாப்புக்கு வருகிற ஒவ்வொருத்தியும் விரலை மடக்குவாள், சித்திரை, பங்குனி, மாசி என்று பின்னால் போய் ஆடியில் வந்து நிற்பாள், நின்று இவள் முகத்தைப் பார்ப்பாள். அப்பா பேப்பரை விரிப்பார். பஞ்சர் என்று சொன்னது ஊருக்கெல்லாம் தெரிந்துபோகும். வெட்கம் காது நுனி வரைக்கும் ஏறியது, அதற்குப் பின்னாலேயே சந்தோஷமும் ஏறியது, கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. சந்தோஷமாக இருக்கிறேன் என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள். கைப்பையிலிருந்து புது அட்டையை எடுத்து ரப்பர் பேண்டைக் கழற்றினாள், மாத்திரையைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு ரப்பர் பேண்டைக் கையில் வளையல் மாதிரி மாட்டிக்கொண்டாள்.

அப்போது ஒரு புது வண்டி மேடையில் ஏறியது, இன்னும் நம்பர் எழுதாத பச்சை வண்டி, பாடி கட்டி முடிந்து காலி எடைக்கு வந்திருக்கிறது. டிரைவர் பக்கத்தில் பூபதி, விரல் நுனியெல்லாம் மஞ்சள். மைக்கை அழுத்தினாள். "வண்டியில எத்தன பேருங்க?" என்றாள். "ரெண்டு பேருங்க மேடம்" என்று பூபதி இரண்டு விரலை ஆட்டினான். சீட்டு அடித்துக் கொடுத்தாள், வண்டி இறங்கி ஓரமாகப் போய் நின்றது. பூபதி எப்போதும் போல மேடையிலேயே இருந்தான், அறைக்கு மேலிருந்த எண் பலகை எழுபது என்று காட்டியது, வா என்று கையைக் காட்டினான். அவள் அறையை விட்டு இறங்கினாள். நாலு படிதான், பதினோரு வருஷமாகக் குதித்து இறங்குகிற படி, இன்றைக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மேடையில் ஏறி அவனருகில் நின்றாள். பெயிண்ட் வாசம் அடித்தது, நல்லவேளை, அது பிடித்திருந்தது. நூற்றி இருபது என்று பலகை சொன்னது.

"பாத்தியா, எப்பவும் மாதிரியே அதே நூத்தி இருவது" என்றான் பூபதி. "இத்தன விருந்து தின்னும் ஒரு கிலோ ஏறலியே."

"மெசினுக்கு அஞ்சு கிலோவுக்குக் கீழ எதுவும் தெரியாதுங்க மாமா."

"அதான் தெரியுமே. எல்லார்த்துக்கும் அதத்தான சொல்லுவ."

"இப்ப உங்களுக்குச் சொல்றன்."

அவன் பலகையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி பலகையைப் பார்த்தான். அவள் ஒரு கையைத் துப்பட்டாவுக்குள் வயிற்றின் மேல் வைத்திருந்தாள். அவன் முகத்தில் சிரிப்பு வரவில்லை, சிரிப்பு வருவதற்கு முன்னால் ஏதோ ஒன்று வந்து அங்கேயே நின்றுவிட்டது. உதடு மட்டும் அசைந்தது, மஞ்சள் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. "சித்திரையா?" என்றான். அவள் தலையை ஆட்டினாள். "உங்கப்பா டயரத் தொட்டுப் பாத்தாரே கோகிலா" என்றான், சொன்னவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "நாக்பூரு?" என்று மெல்லக் கேட்டான், அதுதான் அவன். "போலாங்க. முன் சீட்டு பெருசுதான, கைக்கொழந்த என்ன எடமா அடைக்கப் போவுது" என்றாள் அவள். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று அவளுக்கே தெரிந்தது.

சாலையிலிருந்து ஒரு லோடு லாரி திரும்பி, மேடையில் ஏற மூக்கை நீட்டி ஹாரன் அடித்தது. இந்தப் பக்கத்தில் வண்டி வந்தால் ஆள் இறங்கி வழிவிடுவதுதான் பழக்கம். அவளும் இறங்கப் போனாள். பூபதி அவளை அங்கேயே நிறுத்திவிட்டுத் தான் மட்டும் குதித்து ஓடி, முப்பது டன் லாரிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான்.

"சித்த இருங்ணா, மேடையில ரெண்டு பேரு இருக்காங்க."

டிரைவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்தார். நடு மேடையில் ஒரே ஒரு பெண் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு நின்றாள், அவளுக்குப் பின்னால் பலகையில் ஐம்பது என்றிருந்தது. "எங்கப்பா ரெண்டு பேரு, ஒருத்திதான நிக்கறா?" என்று கேட்டார். பூபதி கையை இறக்கவே இல்லை.